அடிக்கல்லுக்கு முன் ஒரு சுடுதண்ணிக் குழாய்

பெருந்தோட்ட, சமுதாய உட்கட்டமைப்பு அமைச்சருக்கும், வலுசக்தி அமைச்சருக்கும், பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கும், பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகிகளுக்கும்,



மலையகத்திலிருந்து வரும் மடல் என்றால் சம்பளம், காணி, வீடு என்றே இருக்கும். அந்தக் கோரிக்கைகள் எதுவும் தீர்ந்துவிடவில்லை. இன்று நான் கேட்க வந்தது அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன விஷயம். இனிக் கட்டும் ஒவ்வொரு தோட்ட வீட்டிலும் குளிக்கச் சுடுதண்ணி வர வழி செய்யுங்கள். அதை மின்சாரத்தைக் குடிக்காத வழியில் செய்யுங்கள், பெண்களின் முதுகில் விறகை ஏற்றாத வழியில் செய்யுங்கள்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில் பிறந்தவள். என் அம்மா விடியற்காலை நாலரைக்கு எழும்புவார். முதல் நாள் கவ்வாத்து மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிலாறு விறகு பாதி ஈரமாக இருக்கும். ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதி, கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பார். முதல் கேத்தல் தேத்தண்ணிக்கு. அடுத்த பானை கைக்குழந்தையைக் குளிப்பாட்ட. அதற்கடுத்தது பாட்டியின் மூட்டு வலிக்கு ஒத்தடம் போட. பிறகு சோறு வேக வேண்டும். பள்ளிக்கூடம் போகிற எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் மிஞ்சும். அம்மா பீலித் தண்ணியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, படங்கைக் கட்டிக்கொண்டு, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார். சாயந்தரம் திரும்பி வரும்போது அவர் விரல் நுனிகளில் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருக்கும். கறையேறிய இடமெல்லாம் வெடித்திருக்கும். சூடு தண்ணியில் எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தால்தான் அது கொஞ்சமாவது போகும். அந்தச் சூடு தண்ணிக்கு மறுபடி விறகு வேண்டும் என்பதால் பல நாள் அப்படியே சோறு பிசைந்து ஊட்டுவார்.

இதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்திய கதை என்று நினைத்துவிட வேண்டாம். நான் இப்போது ஆசிரியை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், நுவரெலியாவில் புல்மேல் துகள் பனி படியும் காலத்தில், என் வகுப்புக்குள் நுழைந்தாலே புகை மணக்கும். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில் அடுப்புப் புகை ஏறியிருக்கிறது. குளிக்காமல் வந்த பிள்ளையை நான் கண்டிப்பதில்லை. இந்த மலை உயரத்தில், விடியற்காலையில், பீலித் தண்ணியைத் தலையில் ஊற்றிக்கொள் என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த வாயால் சொல்வது?

கணக்கை ஒருமுறை பாருங்கள். இருபது லீற்றர் கொள்ளும் ஒரு வாளித் தண்ணீரைப் பதினைந்து பாகையிலிருந்து நாற்பத்தைந்து பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.7 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். ஐந்து பேருள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்றால் நாளுக்கு 3.5 அலகு, மாதத்துக்கு 105 அலகு. குளிக்க மட்டும் இவ்வளவு. இதையே திறந்த அடுப்பில் செய்தால், எரிகிற விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஆறில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது. மற்றதெல்லாம் சுவருக்கும் கூரைக்கும் அம்மாவின் நெஞ்சுக்கும் போகிறது. நன்றாகக் காய்ந்த விறகாக இருந்தால்கூட வாளிக்கு ஒரு கிலோவுக்கு மேல் எரியும். ஐந்து வாளிக்கு ஆறேழு கிலோ. ஹட்டன் மழையில் காய்ந்த விறகுக்கு எங்கே போவது? வீட்டுக்குள் எரியும் விறகும் கரியும் கிளப்பும் புகை 2020இல் உலகம் முழுவதும் 32 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், புகைபோக்கி இல்லாத அடுப்பின் முன் குந்தியிருக்கும் பெண்ணும் அந்தக் கணக்குக்குள் வருகிறவள்தான்.

மின்சாரத்தில் சூடாக்கலாமே என்று கேட்பீர்கள். நாட்டின் மின்சாரத்தில் ஒரு பங்கு எங்கள் மலைகளில் பிறக்கிறது. பழைய லக்ஷபான நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. 1965இல் நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர நிலையம் வந்தது. மவுசாக்கலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் வற்றும்போது அதன் கோயிலும் கட்டடங்களும் வெளியே தெரியும். சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். தலவாக்கலையில் அணை கட்டிய 150 மெகாவொட் மேல் கொத்மலை நிலையம் 2012இல் திறக்கப்பட்டது. இந்த மலையின் தண்ணீர் கொழும்புக்கு வெளிச்சம் கொடுக்கிறது என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த வெளிச்சத்தின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது, முதல் முப்பது அலகுக்கான விலை அலகுக்கு 2.50 ரூபாயிலிருந்து 30 ரூபாய் வரை போனது. பிறகு குறைத்தீர்கள், உண்மைதான். பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை. நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், குளிப்பதற்கென்று மாதம் நூறு அலகு எரிக்க முடியாது.

இருந்தாலும் குளிர் தாங்காமல், சிலர் சந்தைக்குப் போய், வாளிக்குள் போடும் மலிவான கொயில் ஒன்றை வாங்கி வருகிறார்கள். லயத்து மின்கம்பிகள் எத்தனை வருஷத்துப் பழையவை என்று உங்கள் பொறியியலாளர்களிடம் கேளுங்கள். மின்கசிவால் லயம் எரிந்தது, பத்துக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது என்ற செய்தி வராத வருஷம் இல்லை. ஈரத் தரையில், ஈரக் கையோடு, பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் அந்தக் கொயிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும்.

வெயிலை நம்புவதற்கு இந்த மலை இடம் கொடுக்குமா? கொடுக்கும், ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே விடை இல்லை. இதைக் கொழும்பிலிருந்து திட்டம் தீட்டுபவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன், நோர்ட்டன் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை அடித்துக்கொண்டே இருக்கும். சூரியனைக் காணாத வாரங்களும் உண்டு. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் இராகலை, உடப்புசல்லாவை வெயிலில் காயும். அங்கே மழை வருஷக் கடைசியில்தான். ஆகவே உடப்புசல்லாவைக்குப் பொருந்தும் கருவியை வட்டவளையில் பூட்டிவிட்டு, வேலை செய்யவில்லை என்று கைகழுவக் கூடாது. நுவரெலியா போலப் பனி படியும் இடங்களில் சாதாரணத் தகட்டுக் கருவியின் குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால் வெடித்துவிடும் ஆபத்து உண்டு. அங்கே வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வைத்த கருவிதான் சரி. தேத்தண்ணியைச் சூடாக வைத்திருக்கும் பிளாஸ்க்கின் அதே வேலைதான் அது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றே இல்லாததால், உள்ளே வந்த சூடு எளிதில் வெளியே போகாது.

மழைப்பக்கத் தோட்டங்களுக்கு வேறு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் பழைய வீடுகளில் செம்புப் பாய்லர் ஒன்று இருக்கும். நடுவில் நெருப்புக் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், மேலே புகைபோக்கி. நாலு சுள்ளியும் ஒரு கை கரியும் போதும், வீட்டுக்கே குளிக்கத் தண்ணீர் வரும். சூடு நாலாபக்கமும் சிதறாமல் தண்ணீருக்குள் இறங்குவதுதான் அதன் சூட்சுமம். நம் நாட்டிலும் எண்பதுகளில் உருவான அனகி மண் அடுப்பு, திறந்த அடுப்பைவிடக் குறைந்த விறகில் இரண்டு பாத்திரத்தை ஒருசேரச் சூடாக்குகிறது. சமையல் அடுப்பின் புகைபோக்கியைச் சுற்றி ஒரு தண்ணீர்த் தாங்கி வைத்தால், சோறு வேகும் அதே நெருப்பில் குளிக்கவும் தண்ணீர் கிடைக்கும். தோட்டத்துத் தகரப் பட்டறைக்காரர்களே செய்யக்கூடிய வேலை இது. ஒரு மாதிரியை எடுத்து, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ பேராதனையிலோ சோதித்து, நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் சான்றோடு வரைபடத்தை எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்புங்கள்.

பிள்ளை மடுவத்துக்கும் தோட்ட வைத்தியசாலைக்கும் வெப்பப் பம்பி வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி வைத்ததுபோல, வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குள் விடும் கருவி அது. ஒரு அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் தரும். வீட்டுக்கு வீடு வாங்க அது விலை கூடியது. ஆனால் ஐம்பது கைக்குழந்தைகள் இருக்கும் மடுவத்துக்கு அந்த விலை அதிகமென்று சொல்ல முடியாது.

கம்பனி நிர்வாகிகளே, உங்களிடம் தனியாக ஒன்று. தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோரில் கொழுந்து வாட்டவும் தூளைக் காயவைக்கவும் இரவு பகலாக விறகுச் சூளை எரிகிறது. இராச் சிப்டு ஆண்கள் குளிருக்கு அந்தச் சுவரோரம்தான் ஒதுங்குவார்கள். அந்தச் சூளையின் புகைபோக்கி வழியே சூடு வானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அதன் வழியில் ஒரு தண்ணீர்ச் சுருளை வைத்துத் தாங்கியில் சேர்த்தால், இஸ்டோருக்குப் பக்கத்து லயங்களுக்காவது பொதுக் குளியலறையில் சுடுதண்ணி கொடுக்கலாம். அதற்காகக் கூடுதல் விறகு எரிக்க வேண்டியதில்லை. இலை வாடுவதற்கு என்ன பாகையில் சூடு வேண்டுமென்று அரைப் பாகை பிசகாமல் தெரிந்து வைத்திருக்கிறோம். இலையைப் பறித்த கைக்கும் அந்தக் கவனத்தில் ஒரு பங்கு கிடைக்கட்டும்.

பணம் எங்கிருந்து என்ற கேள்வி வரும். 2016இல் கூரைச் சூரிய மின்சாரத்துக்கான சூரியபல சங்கிராமய திட்டம் வந்தபோது கூரை சொந்தமாக இருந்தவர்கள் பயன்பெற்றார்கள். லயத்துக் கூரை எங்கள் பெயரில் இல்லை, காணி உறுதி இல்லை, ஆகவே வங்கிக் கடனும் இல்லை. ஆனால் தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாகச் சுழல்நிதி கொடுத்து, விறகுக்கும் மின்சாரத்துக்கும் மிச்சமாகும் தொகையில் தவணை கட்ட விடுங்கள். அரசு மனம் வைத்தால் நடக்கும் என்பதற்குச் சாட்சியாக, கரிபியன் பகுதியில் பார்படோஸ் என்றொரு தீவு இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் வாழும் இடம். 1974இல் அந்த அரசு சூரிய சுடுநீர்க் கருவி செய்பவர்களுக்கு வரிச்சலுகை கொடுத்தது, மின் சுடுநீர்க் கருவிகளுக்கு வரியை ஏற்றியது. இன்று அங்கே பல்லாயிரம் கூரைகளில் தாங்கிகள் நிற்கின்றன. இஸ்ரேல் 1980இலேயே புதுக் குடியிருப்புகளுக்குச் சூரிய சுடுநீர்க் கருவியைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. எங்களுக்கு அவ்வளவு பெரிய சட்டம்கூட வேண்டாம், வீடமைப்பு வரைபடத்தில் ஒரு திருத்தம் போதும்.

அந்தத் திருத்தத்துக்கு நேரம் இப்போதுதான். இந்திய உதவியில் 550 சதுர அடி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. ஏழு பேர்ச் காணியில், இரண்டு அறை, சமையலறை, மலசலகூடத்தோடு தனி வீடு என்பது எங்கள் பாட்டன்மார் கனவிலும் காணாதது. அதற்கு நன்றி சொல்லத் தயங்கமாட்டேன். 2025 நவம்பரில் திட்வா புயல் மலைச்சரிவுகளை அடித்துக்கொண்டு போன பிறகு இன்னும் பலருக்குப் புதிதாக வீடு கட்ட வேண்டியிருக்கிறது. கட்டும்போதே சமையலறைச் சுவருக்கும் குளியலறைச் சுவருக்கும் இடையில் சூடு தாங்கும் குழாய் ஒன்றைப் பதித்து, கூரையில் தாங்கி நிற்க ஒரு மேடையும் புகைபோக்கிக்கு ஒரு துளையும் விட்டால் செலவு மிகச் சொற்பம். பூசி, நிறமடித்து, குடியேறிய பிறகு உடைத்துச் செய்யப் போனால் எந்தத் தொழிலாளியாலும் முடியாது. நான் போய்ப் பார்த்த புது வீடுகளில் அழகான குளியலறை இருந்தது. அதன் வெளியே, பின்பக்கத்தில், மூன்று கல்லும் கரிபிடித்த அண்டாவும் இருந்தன.

அடுத்த தொகுதி வீடுகளுக்கு அடிக்கல் நாட்ட வருவீர்கள். மாலையும் மேளமும் தயாராக இருக்கும், நாங்களும் வந்து நிற்போம். வரும்போது வீட்டு வரைபடத்தையும் கையோடு கொண்டுவாருங்கள். குளியலறைச் சுவரில் இரண்டாவது குழாய் ஒன்று போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி