ரத்தம் உண்மை பேசும்... மெஷின் சரியாக இருந்தால்!



'எலிசா' என்றதும் யாரோ ஒரு பெண்ணின் பேர்னு நினைச்சுடாதீங்க. ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை அது. 1971-ல் சுவீடனில் எவா எங்வால், பீட்டர் பெர்ல்மான் இருவரும் உலகுக்குத் தந்தது.

டிப்ளமோ படிக்கிற நமக்கு அது எதுக்கு என்கிறீர்களா? 2012-ல் கடையநல்லூர், தென்காசி வட்டாரத்தையே டெங்கு உலுக்கியதை மறக்க முடியுமா? இன்றும் சீசனில் குற்றாலத்துக்குக் கூட்டம் வருகிறது. வீசியெறிந்த பிளாஸ்டிக் கப்பிலும் சிரட்டையிலும் மழைத்தண்ணி தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம்தான்!

வந்தது டெங்குவா, சாதாரணக் காய்ச்சலா? எலிசா கிட்டில் 96 குழிகள் கொண்ட ஒரு தட்டு இருக்கும். குழிக்குள் எதிர்ப்பொருள் பூசியிருப்பார்கள். டெங்கு வைரஸின் என்.எஸ்.1 புரதம் ரத்தத்தில் இருந்தால், வைஸில் மாட்டிய ஜாப் மாதிரி அதில் சிக்கிக்கொள்ளும். அதன்மேல் நொதி இணைத்த இன்னொரு எதிர்ப்பொருள் உட்காரும். கழுவிவிட்டு, நிறம் தரும் திரவத்தை விட்டால் நிறம் வரும். ரீடர் அதை 450 நானோமீட்டர் ஒளியில் அளக்கும். அவ்வளவுதான் சங்கதி!

காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்கு என்.எஸ்.1, அதன்பின் ஐ.ஜி.எம். எலிசா. ஐ.ஜி.எம். கிட்டைத் தயாரித்து அரசு ஆய்வுக்கூடங்களுக்குத் தருவது புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம். நாள் கணக்கு தப்பினால் 'இல்லை' என்ற முடிவே பொய்யாகிவிடலாம்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். கிட்டை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கரண்ட் போய் பிரிட்ஜ் சூடானால்? பிப்பெட் சில மைக்ரோலிட்டர் கூடக் குறைய எடுத்தால்? ரீடர் பிசகினால்? டெங்கு உள்ள பிள்ளையை 'ஒண்ணுமில்லே' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்! வெர்னியரில் ஜீரோ எரர் பார்க்காமல் ரீடிங் எடுத்தால் ஒர்க்‌ஷாப் சார் விடுவாரா? எலிசாவிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் கண்ட்ரோல் வைப்பது அதுக்குத்தான். கண்ட்ரோல் தப்பினால் அந்தத் தட்டின் முடிவு எதுவும் செல்லாது.

இந்தப் பழுதுகளைப் பார்ப்பது டாக்டர் இல்லை. பிரிட்ஜுக்கு மெக்கானிக்கல், யு.பி.எஸ்.ஸுக்கு எலெக்ட்ரிக்கல், ரீடருக்கு எலெக்ட்ரானிக்ஸ் என்று எல்லாம் நம்ம ஆட்கள் வேலைதான்! ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒரு எலிசா ரீடரைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? இண்டஸ்ட்ரியல் விசிட் என்றால் பேக்டரிக்கு மட்டும்தான் போக வேண்டுமா? வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஓர் அரசு ஆய்வுக்கூடத்துக்கும் கூட்டிப் போகட்டும். சங்கம் முயற்சி எடுக்குமா? நாம் கேட்போம்!