வாடகை வீட்டிலிருந்து தாதியரை வெளியேற்றுவதா?



சிங்கப்பூரின் டான் டோக் செங் மருத்துவமனையின் 9டி வார்டில் பணியாற்றிய தாதி ஒருவருக்கு 2021 ஏப்ரல் 27ஆம் தேதி கொவிட்-19 உறுதியானது. அதைத் தொடர்ந்து உருவான தொற்றுக் குழுமம் 40 பேரைத் தாண்டியது. மே 1ஆம் தேதி 88 வயது மூதாட்டி ஒருவர் இறந்தும் போனார். இந்த வேதனைக்கு நடுவே, அம்மருத்துவமனை ஊழியர்களைச் சிலர் நடத்தும் விதத்தைக் கண்டித்தே இதை எழுதுகிறேன்.

ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அருகே, எங்கள் புளோக்கில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தாதி ஒருவர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அதே மருத்துவமனை ஊழியர்தான் என்றாலும், 9டி வார்டில் அவருக்கு வேலையே இல்லை. பரிசோதனையிலும் தொற்று இல்லை. இருந்தும், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். மின்தூக்கிக்குள் அந்தத் தாதி நுழைந்தால் இருப்பவர்கள் இறங்கிக்கொள்கிறார்கள். 2020 மார்ச் 30ஆம் தேதி இரவு 8 மணிக்குத் தாதியருக்காகக் கைதட்டிய ஊரா இது?

2003ல் சார்ஸ் வந்தபோதும் இதே கொடுமைதான். அன்று இங்கு 238 பேருக்குத் தொற்றியது. 33 பேர் மாண்டனர். தொற்றியவர்களில் பத்துக்கு நால்வர் சுகாதார ஊழியர்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதால் அவர்களுக்கு வந்த நோய் அது. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரைக் குளிப்பாட்டவும், ஊட்டவும், புரட்டிப் படுக்கவைக்கவும் ஒரு மீட்டர் தள்ளி நிற்க முடியுமா? முதலில் கண்டறியப்பட்ட தாதி இரண்டு தடுப்பூசிகளையும் போட்டுக்கொண்டவர். அவரைக் குற்றவாளியாக்குவது அநியாயம்.

கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு. பொது வார்டில் காற்றோட்டம் எப்படி? கட்டில்களுக்கிடையே இடைவெளி போதுமா? வேறு நோய்க்காகச் சேர்பவர்களுக்கும் கொவிட் பரிசோதனை உண்டா? ஊழியர்களை வார்டு மாற்றி வார்டு அனுப்புகிறார்களா? துப்புரவாளருக்கும் மருத்துவருக்கும் ஒரே தரத்தில் முகக்கவசம் கிடைக்கிறதா? தில்லி லோக் நாயக் மருத்துவமனையில் ஒரே கட்டிலில் இருவர் கிடந்த படத்தை 2021 ஏப்ரலில் பார்த்துக் கலங்கினோம். அங்கே இல்லாமை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. சுகாதார அமைச்சு இவற்றுக்கு வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டும். வீடிழக்கும் ஊழியர்களுக்கு உடனடித் தங்குமிடமும் தர வேண்டும்.

தேக்கா வட்டாரத்தில் அறை வாடகைக்கு விடுபவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: மருத்துவமனை ஊழியர் என்று தெரிந்ததும் கதவைச் சாத்தாதீர்கள்.

– ஒரு வாசகி, ஃபேரர் பார்க்