ஈன்ற பசுவும் ஈரலின் சுமையும்

பால் என்றதும் நகரத்தில் வாழும் நம்மிற் பலருக்குப் பசு நினைவுக்கு வருவதில்லை. பால்மாப் பொதியே நினைவுக்கு வருகின்றது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி அருகிப் பால்மாவுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, மருதானையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வாயில்களில் வரிசையாக நின்ற தாய்மாரை நாம் எளிதில் மறந்துவிட முடியாது. நமது பால் நமது நாட்டிலேயே சுரக்க வேண்டும் என்ற பேச்சு அப்போது எங்கும் எழுந்தது. நல்ல பேச்சுத்தான். ஆனால், பால் சுரப்பது பசுவின் மடியில் மட்டும் நடக்கும் காரியமன்று. அதன் பெரும் பாரத்தைச் சுமப்பது ஈரல். இவ்வாரம் அந்த ஈரலைப் பற்றியே நேயர்களோடு உரையாட விழைகின்றோம்.

2017ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சில ஆயிரம் உயர்குலக் கறவைப் பசுக்கள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றிற் பல நோயுற்றன, பல மாண்டன. கடன்பட்டு அவற்றை வாங்கிய பண்ணையாளர்கள் பெருந்துயருற்று முறையிட்டனர். நோய், தட்பவெப்பம், தீனிக் குறை எனக் காரணங்கள் பலவாறு பேசப்பட்டன. இதுதான் காரணம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு: மிகுந்த பால் தரும் இனத்தைக் கொணர்வது எளிது, அதன் உடலுக்குள் நடப்பதை அறிந்து பேணுவதே அரிது.

ஆறு வாரச் சோதனை

கன்று ஈனுவதற்கு முந்திய மூன்று வாரங்களும் பிந்திய மூன்று வாரங்களுமே கறவைப் பசுவின் வாழ்வில் மிகக் கடினமான காலம். ஈனும் நாள் நெருங்க நெருங்கப் பசு தீனியைக் குறைத்துக்கொள்கிறது. ஈன்றவுடனோ மடி பாலைக் கேட்கிறது. ஒரு கிலோ பால் சுரப்பதற்குச் சுமார் 72 கிராம் குளுக்கோஸ் வேண்டும் என்பது அறிஞர் கணக்கு. நாளொன்றுக்கு இருபது கிலோ பால் தரும் பசுவுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ!

இந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? நாம் உண்ணும் சோற்றின் மாப்பொருள் குடலில் சர்க்கரையாகி நம் இரத்தத்திற் கலக்கிறது. அசைபோடும் பசுவுக்கு அந்த வசதி மிகக் குறைவு. அதன் பெரிய இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் தவிட்டையும் புளிக்கவைத்துச் சில அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய புரோப்பியோனிக் அமிலத்தைக் கொண்டு ஈரலே குளுக்கோசைப் புதிதாக ஆக்கியாக வேண்டும்.

உண்பதோ குறைவு, செலவோ மிகுதி. ஆகவே பசு தன் உடலிற் சேமித்த கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. கரைந்த கொழுப்பு இரத்தத்தின் வழியே ஈரலை வந்தடைகிறது. ஈரல் அதில் ஒரு பகுதியை எரித்துச் சக்தியாக்குகிறது. ஒரு பகுதியைப் பொதியாகக் கட்டி மீண்டும் இரத்தத்துக்கு அனுப்புகிறது. ஆனால் பசுவின் ஈரல் பொதி கட்டுவதில் இயல்பாகவே மந்தமானது. மருதானைப் புகையிரத நிலையத்தில் மூட்டைகள் வந்து குவிந்தும், ஏற்றிச்செல்லப் பெட்டிகள் வராவிட்டால் என்ன ஆகும்? அதுவே ஈரலில் நிகழ்கிறது. கொழுப்புத் தேங்குகிறது. அரைகுறையாக எரிந்த கொழுப்போ கீட்டோன் என்னும் பொருள்களாகி இரத்தத்தில் மிகுகிறது. இதுவே கீட்டோசிஸ் என்னும் நோய். அப்போது பசுவின் மூச்சில், நகப்பூச்சை அகற்றும் திரவத்தின் மணம் வீசுவதுண்டு. பசு தீனியை வெறுக்கிறது. தீனி குறையக் கொழுப்பு மேலும் கரைகிறது. ஈரல் மேலும் தளர்கிறது. இளங்கொடி விழாமற் தங்குதல், மடிவீக்கம், மீண்டும் சினைப்படத் தாமதித்தல் முதலிய தொல்லைகளும் இத்தகைய பசுக்களிடம் அதிகமாகக் காணப்படுகின்றன.

பொதி கட்டும் பொருள்

கொழுப்பைப் பொதியாகக் கட்டுவதற்குப் புரதமும் லெசித்தின் என்னும் பொருளும் வேண்டும். லெசித்தினின் ஓர் உறுப்புக் கோலின். இதன் வரலாறு சுவையானது. இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான சார்ள்ஸ் பெஸ்ற், கணையம் நீக்கப்பட்ட நாய்களின் ஈரலிற் கொழுப்பு ஏறுவதை ஆராய்ந்து, கோலின் அதனைத் தடுக்கிறது என்று 1932ஆம் ஆண்டளவில் தம் துணைவருடன் எடுத்துக்காட்டினார்.

கோலினை உடல் தானே ஆக்குவதற்கு உதவுவது மெதியோனின் என்னும் அமினோ அமிலம். அமினோ அமிலங்கள் புரதம் என்னும் மாலையிற் கோத்த மணிகள். ஒரு மணி குறைந்தாலும் மாலை முற்றுப்பெறாது. மெதியோனினும் லைசினும் பசுவுக்குப் பெரும்பாலும் முதலிற் குறையும் மணிகள். இவை இரண்டுமே பாலின் சொந்தப் புரதமாகிய கேசினிலிருந்தே முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டன என்பது மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது. லைசினை 1889இல் டிறெக்செல் என்பவரும், மெதியோனினை 1920களின் தொடக்கத்தில் மியூல்லர் என்பவரும் பிரித்தனர். மெதியோனினைப் போன்ற கந்தகம் கொண்ட பொருள்களை ஆராய்ந்த வின்சென்ற் டு விக்னோ 1955இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றார். பால் இறங்கச் செய்யும் ஒட்சிற்றோசின் என்னும் சுரப்பை முதன்முதலில் ஆய்வுகூடத்தில் ஆக்கியவரும் அவரே.

அப்படியானால் மெதியோனினைத் தவிட்டோடு கலந்து கொடுத்துவிடலாமே என்று நேயர்கள் வினவலாம். கொடுத்தால் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதிற் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். எனவே அதற்குக் கொழுப்பினாலோ, அமிலம் பட்டால் மட்டும் கரையும் பூச்சினாலோ உறை இடுகின்றனர். உறையிட்ட மணி முதல் இரைப்பையைக் கடந்து, நான்காம் இரைப்பையிலும் குடலிலும் கரைகிறது. ஈனும் காலத்தில் இதனைப் பெற்ற பசுக்கள் கூடுதலாகத் தீனி உண்டு, கூடுதலாகப் பால் தந்ததை அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழக ஆராய்ச்சிகள் காட்டின. ஆயினும் எல்லா ஆராய்ச்சிகளிலும் பயன் ஒரே அளவாக இருந்ததில்லை. ஈரற் கொழுப்பு ஒவ்வொரு முறையும் குறைந்ததுமில்லை.

நம் பட்டிக்கு எது வேண்டும்?

விலை கொடுத்து வாங்கும் உறையிட்ட மருந்துணவு எல்லாப் பசுக்களுக்கும் வேண்டியதில்லை. நாளுக்கு மூன்று நான்கு லீற்றர் பால் தரும் நாட்டுப் பசுவின் ஈரலுக்கு இத்தனை பெரும் பாரம் இல்லை. நுவரெலியாவின் குளிரில் வளரும் பிறீசியன் போன்ற, மிகுந்த பால் தரும் இனங்களுக்கே அது பயன்படலாம். அதுவும் கால்நடை வைத்தியரின் ஆலோசனையோடு, லைசின் மூன்று பங்குக்கு மெதியோனின் ஒரு பங்கு என்ற அளவை ஒட்டியே அமைய வேண்டும். மெதியோனின் மிகுந்தாலும் பசு தீனியைக் குறைத்துக்கொள்ளும்.

செலவின்றிச் செய்யத்தக்கவை முதலில் வரட்டும். ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் பால் கறப்பதை நிறுத்தி ஓய்வு கொடுக்கும் காலத்தில், “வயிற்றில் கன்று இருக்கிறதே” என்ற பரிவினால் பசுவைக் கொழுக்கவைத்தல் ஆகாது. கொழுத்த பசுவே ஈன்றபின் கொழுப்பை மிகுதியாகக் கரைத்து ஈரலைக் கெடுத்துக்கொள்கிறது. எலும்பு தெரிய மெலியவிடுவதும் தவறு. கடைசி மூன்று வாரங்களில் தவிடும் புண்ணாக்கும் சிறிது சிறிதாகக் கூட்டப்பட வேண்டும். திடீர் மாற்றம் கூடாது. நல்ல பசும்புல்லும் தூய நீரும் எந்நேரமும் எட்டத்தில் இருத்தல் வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கு ஒன்றையே நம்பியிருத்தலும் போதாது. அதில் லைசினும் மெதியோனினும் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மெதியோனின் உண்டு, லைசின் குறைவு. சோயாவில் லைசின் உண்டு, மெதியோனின் குறைவு. கலந்து கொடுத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு நிறைக்கும்.

கன்று பிறந்த வீட்டில் எல்லோர் கண்ணும் கன்றின் மீதே இருக்கும். கடும்பு காய்ச்சுவதில் வீடு மகிழ்ந்திருக்கும். தாய்ப்பசு தீனியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்புவதை யாரும் கவனிப்பதில்லை. அந்த நாட்களில் பசு எவ்வளவு உண்கிறது என்பதைக் காலையும் மாலையும் பார்ப்பதற்கு ஒருவர் இருந்தால், வைத்தியரை வேளையோடு அழைக்கலாம். தோட்டப்புறத்திலும் வடக்கிலும் ஒரே ஒரு பசுவை நம்பிப் பிள்ளைகளின் பள்ளிச் செலவை நடத்தும் குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பம் பசுவை இழந்தால், அதனுடன் அடுத்த பல மாதங்களின் வருவாயையும் இழக்கிறது. ஆண்டுக்கொருமுறை பட்டிப் பொங்கலன்று பசுவுக்கு மாலை சூட்டுகின்றோம். ஈனும் அந்த ஆறு வாரமும் அதன் தீனித் தொட்டியைப் பார்த்து வருவதும் நம் கடமையே.