ஃபைல் பெயரே '*' என்றால் அழிப்பது எப்படி?

"அக்கா, ஒரு ஃபைல் பேரு வெறும் ஸ்டார்னு இருக்கு. ஆர்எம் போட்டு ஸ்டார் போட்டா போயிடும்ல?"

சித்தி மகள் போனில் இப்படிக் கேட்டதும் பதறிவிட்டேன். "என்டரைத் தட்டிடாதடி!"

தாத்தா காலத்து ஆல்பங்களை லீவு முழுக்க உட்கார்ந்து ஸ்கேன் செய்து, தன் உபுண்டு லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறாள். மொத்தம் 412 படங்கள். எங்கிருந்தோ எடுத்த ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்த்தபோது, நடுவில் '*' என்று ஒரு ஃபைல் வந்து உட்கார்ந்துவிட்டதாம்.

விண்டோஸில் இப்படிப் பெயர் வைக்க முடியாது. லினக்ஸ் ரொம்பத் தாராளம். சாய்கோட்டைத் (/) தவிர கீபோர்டில் இருக்கும் எதையும் பெயரில் வைக்கலாம். சிக்கல் என்னவென்றால், கமாண்ட் லைனில் * என்றால் 'இங்கே கண்ணில் படும் எல்லா ஃபைலும்' என்று அர்த்தம். ஆர்எம் என்பது அழிக்கும் கட்டளை. அவள் என்டர் தட்டியிருந்தால் அந்த ஸ்டாரோடு தாத்தாவும் போயிருப்பார். போன் கேலரியில் அழித்த படம் சில நாள்கள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஆர்எம்முக்குக் குப்பைத்தொட்டியே கிடையாது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஸ்டாரை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால், அது வெறும் பெயராகிவிடும். முதலில் எல்எஸ் '*' என்று அடிக்கச் சொன்னேன். எல்எஸ் எதையும் அழிக்காது, காட்ட மட்டும் செய்யும். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அதன் பிறகு ஆர்எம் '*'. போயே போச்சு.

"அக்கா, இன்னொண்ணு. -பழசுன்னு ஒரு ஃபைல். மேற்கோள் போட்டும் போகல, எர்ரர் வருது."

வரும். ஹைஃபனில் தொடங்குவதை எல்லாம் தனக்கு வந்த உத்தரவு என்றே ஆர்எம் எடுத்துக்கொள்ளும். மேற்கோள் இங்கே உதவாது. பெயருக்கு முன்னால் இடம் விடாமல் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்க்க வேண்டும்: ஆர்எம் ./-பழசு. 'இந்த ஃபோல்டரில் இருக்கும் -பழசு' என்று பொருள். இப்போது முதல் எழுத்து ஹைஃபன் இல்லையே!

இதை அலட்சியமாக விடக் கூடாது. -ஆர்எஃப் என்ற ஆங்கில எழுத்துகளையே பெயராகக் கொண்ட ஃபைல் ஒன்று இருக்கும் இடத்தில் ஆர்எம் * அடித்தால், உள்ளே இருக்கும் ஃபோல்டர்களும் சேர்ந்து, கேள்வி கேட்காமல் அழிந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது அந்த வம்பு பிடித்த ஃபைல் மட்டும்தான். அதனால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டிய இடத்திலும் ஆர்எம் ./* என்றே பழகிக்கொள்ளுங்கள்.

பெயரின் நடுவே இடைவெளி இருந்தாலும் மேற்கோள் போட்டுவிடுங்கள். 'ஊர் வீடு' என்ற ஃபைலை மேற்கோள் இல்லாமல் அடித்தால், 'ஊர்', 'வீடு' என்று இரண்டு ஃபைலைத் தேடிப்போய் அழிக்கும்.

மவுஸில் ரைட் கிளிக் செய்து அழிக்கலாமே என்கிறீர்களா? தாராளமாக. லேப்டாப்பில் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் மவுஸே இல்லாத சர்வரிலும், ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் போட்டு விளையாடும்போதும் இந்த வழிதான்.

கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். 412 படங்களும் பத்திரம்.

"பேக்கப் இருக்காடி?"

"இல்லக்கா. பென்டிரைவ் வாங்கத்தான் கிளம்பிட்டிருக்கேன்."