நாக்கு ஓரத்தில் பல் தடம்: எல்லாவற்றுக்கும் டேனரிதான் காரணமா?

"இன்னாக்கா, வாய்ல வெத்தல வச்சிக்கினு பேசுற மாதிரி பேசுற?" ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனி வேனில் இப்படி ஒரு கேலி எழுந்தால், பதிலும் தயாராக இருக்கும். பசை நெடி, இல்லாவிட்டால் ஊர்த் தண்ணீர். பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் தடித்த நாக்கு, கரகரத்த குரல், எதைச் சாப்பிட்டாலும் சப்பென்று இருப்பது, இவற்றோடு மலச்சிக்கலும் ஓயாத அசதியும் சேர்ந்தால் சந்தேகம் வேறொரு பக்கமும் போக வேண்டும். கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பியின் பக்கம்.

பாலாற்றங்கரைக்காரர்கள் தண்ணீரைச் சந்தேகிப்பதில் தப்பில்லை. தோல் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலையும் ஊர் மறக்கவில்லை. இத்தனை நடந்த இடத்தில் எந்த நோய் வந்தாலும் விரல் டேனரியை நோக்கித்தான் நீளும். சிக்கல் என்னவென்றால், ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, ஒரு சின்ன மாத்திரையில் கட்டுப்படும் நோயும் அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. தண்ணீர் வழக்கு அதன் பாட்டுக்கு நடக்கட்டும். பரிசோதனை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நாக்கில் என்ன நடக்கிறது?

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் உடலின் எல்லா வேலையும் மெதுவாகிறது. திசுக்களுக்கு இடையே ஹையலூரானிக் அமிலம் போன்ற பொருட்கள் தேங்குகின்றன. இவை பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முகம் உப்புவது, கண் இமை வீங்குவது, குரல் கரகரப்பது எல்லாம் இதனால்தான். நாக்கும் அப்படியே தடிக்கிறது. தாடைக்குள் இடம் போதாமல் நாக்கு பற்களின் மீது அழுந்த, ஓரத்தில் முறுக்கு அச்சு பதிந்த மாதிரி பல் தடம் விழுகிறது. அடிக்கடி நாக்கைக் கடித்துக்கொள்வதும், தூக்கத்தில் குறட்டை கூடுவதும் இதன் தொடர்ச்சி. எச்சில் குறைந்து வாய் வறளலாம். பிரியாணியே ருசிக்காமல் போகலாம். பல் பிடுங்கிய இடம் ஆற நாளாகலாம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-ல் இந்த நோயை விவரித்தபோதே, நாக்கு அகன்று தடித்திருப்பதையும், வாய்க்குள் அடங்காத நாக்கோடு பேசுவது போன்ற உச்சரிப்பையும் எழுதி வைத்தார். 1891-ல் ஜார்ஜ் மரே என்ற இங்கிலாந்து மருத்துவர் இதற்கு முதல் சிகிச்சை கொடுத்தார். மருந்து எது தெரியுமா? ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாறு! ஆட்டுத்தோலில் பிழைக்கும் ஊர்க்காரர்களுக்கு இது சுவாரசியமான சேதிதான்.

ஆனாலும் நாக்கை மட்டும் பார்த்துத் தைராய்டு என்று முடிவு கட்ட முடியாது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவருக்கும் பல் தடம் விழும். நாக்கு சிவந்து, வழவழவென்று எரிந்தால் இரும்புச்சத்தோ பி12-ஓ குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் டி.எஸ்.எச். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போதே ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். புகையிலை, பான் மசாலா பழக்கம் உள்ளவர் வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் கதையே வேறு. தைராய்டு, கியிராய்டு என்று நாள் கடத்தாமல் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உப்பு நிறைய, அயோடின் எங்கே?

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டுத்தான் வரும். அதை ஊறவைத்துக் கழுவும் உப்புதான் இந்தப் பகுதி நிலத்தடி நீரைக் கெடுத்ததில் பெரும் பங்கு வகித்தது. கிணற்றில் இவ்வளவு உப்பிருக்க, சாப்பாட்டு உப்பில் அயோடின் இல்லாத வீடுகளும் தமிழகத்தில் ஏராளம். 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவீதம், தமிழகத்தில் 61.9 சதவீதம்தான். உப்பு விளைவிக்கும் மாநிலத்தின் லட்சணம் இது. இப்போது "ஹெல்தி" என்று இந்துப்புக்கு மாறும் படித்தவர்கள் வேறு. அதில் தேவையான அளவு அயோடின் கிடையாது.

அதற்காக அயோடினை அள்ளிப் போட்டால் குணமாகிவிடாது. இன்று தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணம், உடலின் எதிர்ப்பு சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவதுதான். எட்டு நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில் கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. பெண்களில் அது 16 சதவீதத்தை நெருங்கியது. ஆண்களில் 5 சதவீதம். தையல் மிஷின் வரிசையில் பெண்களே நிறைந்திருக்கும் ஒரு தொழிலில் இந்தக் கணக்கு யாருக்கு உறைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் மாதாமாதம் பிடிக்கப்படுகிறது. அந்த அட்டையைக் காய்ச்சலுக்கு மட்டும் எடுப்பது வீண். அறிகுறி இருப்பவர் மருத்துவரிடம் டி.எஸ்.எச். பரிசோதனை பற்றிக் கேட்கலாம். உண்மையில் கைவிடப்பட்டவர்கள் வேறு ஆட்கள். ஆம்பூர் சுற்று வட்டாரத்தில் ஷூ அப்பரை வீட்டுக்கு வாங்கிவந்து, ஜோடிக் கணக்கில் கூலிக்குக் கையால் தைக்கும் பெண்களுக்கு அந்த அட்டையே இல்லை. அவர்கள் கண் வீங்கி, கை மரத்து, அசந்து உட்கார்ந்தால் "சோம்பேறி" என்ற பட்டம்தான் மிச்சம். அவர்கள் தைத்ததை விற்கும் கம்பெனிகள் வருடத்துக்கு ஒரு மருத்துவ முகாமை அந்தத் தெருவுக்குள் கொண்டுபோனால் குடி முழுகிவிடாது.

பிறக்கும் குழந்தைக்கும் இது பொருந்தும். பிறவித் தைராய்டு குறைவில் நாக்கு வெளியே துருத்தலாம். ஆனால் பெரும்பாலான குழந்தைகள் பிறந்தவுடன் சாதாரணமாகவே தெரிவார்கள். ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் நாட்டளவில் 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இருந்தது; சென்னையில் 727-க்கு ஒன்று. முதல் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றலாம். எனவே பிரசவ வார்டிலேயே "குழந்தைக்குத் தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்பது தகப்பனின் வேலையும்தான்.

மாத்திரையும் காலை டீயும்

லெவோதைராக்சின் மாத்திரைக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவு ஒரு டீயின் விலையைவிடக் குறைவு. அந்த டீதான் அதற்கு எதிரியும்கூட. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி நேரம் டீ, காபி, சாப்பாடு எதுவும் கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முதல் ஷிப்ட் வேனைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எழுந்தவுடன் மாத்திரையைப் போட்டுவிட்டால் டீ கம்பெனிக்குப் போய்க் குடித்துக்கொள்ளலாம். ரம்ஜான் நோன்பு வைப்பவர்கள் சஹருக்கு அரை மணி நேரம் முன்போ, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன்போ போடலாம்; எந்த நேரம் என்பதை நோன்பு தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி டி.எஸ்.எச். பார்த்து அளவை மாற்றுவார்கள். நாக்கின் தடிப்பு வாரங்கள், சில நேரம் மாதங்கள் எடுத்து மெல்ல வடியும். நடுவில் "சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும்.