வாரியை மறித்த வரப்பை வெட்டுங்கள்

புதுக்கோட்டை மாவட்டம் உருவான 1974-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் உருவானது. அன்று தொட்டு இம்மாவட்டத்தின் மேட்டுக் காடுகளில் தைல மரத்தை வளர்ப்பதும், ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டிக் காகித ஆலைகளுக்கு அனுப்புவதும், மறுதாம்பு தழைத்ததும் மீண்டும் வெட்டுவதுமாகக் காலம் போயிருக்கிறது. ஊர்க்காரர்கள் ஆர்.எஸ்.பதி மரம் என்று சொல்லும் அந்தத் தோப்புகளுக்குக் கீழே, நல்ல மழை பெய்த ஆண்டிலும் நிறையாத கண்மாய்கள் கிடக்கின்றன. இதை அரசு இன்னும் பார்த்துக்கொண்டிருப்பது அநியாயம்.

வற்றாத ஆறு எதுவும் இல்லாத மாவட்டம் இது. மேட்டில் பெய்யும் மழை வரத்து வாரிகளில் இறங்கி ஒரு கண்மாயை நிறைக்கும். அது நிறைந்து கலிங்கு வழிந்தால் அடுத்த ஊருக்குத் தண்ணீர். முன்னோர் ஆயிரக்கணக்கான நீர்நிலைகளை அமைத்தது இந்தக் கணக்கில்தான். வனத்தோட்டக் கழகத்தாரோ தைல மரத்தின் அடியிலேயே மழையை நிறுத்திவைக்க ஜேசிபி கொண்டு வரப்பெடுத்தார்கள், குழி வெட்டினார்கள். சரிவில் ஓடிவர வேண்டிய தண்ணீர் அங்கேயே தேங்கி, அந்த மரத்துக்கே இரையாகிறது. எந்தக் கண்மாயின் வரத்தை மறிக்கிறோம் என்று அந்த ஊர் ஆயக்கட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

ஒரு டன் மரக்கூழுக்குத் தைல மரம் செலவழிக்கும் தண்ணீர் குறைவுதான் என்று வாதிடுபவர்கள் உண்டு. அது ஆலையின் கணக்கு. கண்மாய்க்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது உழவரின் கணக்கு. அரசு முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

இழந்தது தண்ணீர் மட்டுமல்ல. வீரையும் உலக்கைப்பாலையும் காசானும் அடர்ந்த பசுமைமாறாக் காடு இந்த மண்ணுக்கு உரியது. அதன் மிச்சத்தை இன்று கோயில் காடுகளில்தான் காண முடிகிறது. அந்தக் காட்டின் இடத்தில் நிற்கும் தைல மரத்தின் தழையை ஆடுகூடக் கடிக்காது.

அயல் மரமான சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அயல் தாவரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பதற்கென்றே 2022-இல் தமிழ்நாடு அரசு கொள்கை வகுத்தது. பக்கத்துக் கர்நாடகம் தைல மரம் புதிதாக நடுவதை 2017-இலேயே தடை செய்துவிட்டது. ஒரு கையால் அயல் மரத்தைப் பிடுங்கும் அரசு, மறு கையால் தன் கழகத்தின் மூலமே இன்னொன்றை வளர்க்கிறது. வருமானம் வருகிறது என்பதற்காக இந்த முரண்பாட்டை மன்னிக்க முடியாது.

கண்மாய்களின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் இனி ஒரு தைல மரக் கன்றும் நடக்கூடாது. வெட்டு முடிந்த இடங்களில் அடிக்கட்டையைப் பெயர்த்தெடுத்து, மண்ணுக்குரிய மரங்களை நட வேண்டும். அதற்குக் கால அட்டவணையை வனத்துறை வெளியிட வேண்டும். கழகத்தின் கூலியை நம்பியிருப்பவர்களுக்கு அந்த நடவிலேயே வேலை தரலாம்.

இவற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும் என்றால் ஒப்புக்கொள்கிறோம். வரப்பை உடைக்க ஆண்டுகள் தேவையில்லை. வருவாய்த்துறையின் புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு, ஊராரையும் உடன் வைத்துக்கொண்டு, மறிக்கப்பட்ட ஒவ்வொரு வாரியையும் மாவட்ட நிர்வாகம் ஐப்பசி மழைக்கு முன் திறந்துவிட வேண்டும்.