இடைவேளைக்கு அப்புறம் வந்தவங்க

"அரசாங்கத்துக்கு ஒழுங்கா ஒரு சோப்பு கூட செய்யத் தெரியாது, இதுல ஏரோப்ளேன் கம்பெனியா?" போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல நண்பர் ஒருத்தர் உதிர்த்த முத்து. (மைசூர் சாண்டல் யாரோடதுங்கன்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டார் :-)) ஆதாரத்துக்கு அவர் இழுத்தது பிரேசிலோட எம்ப்ரேயரை. 1994 டிசம்பர்ல தனியாருக்கு வித்தாங்க, அப்புறம்தான் உருப்பட்டுச்சு, கதை முடிஞ்சுதுங்கறார்.

அண்ணாச்சி, நீங்க இடைவேளைக்கு அப்புறம் தியேட்டருக்குள்ள வந்திருக்கீங்க.

முதல் பாதி 1950-ல ஆரம்பிக்குது. விமானப்படை அதிகாரி காசிமிரோ மோன்டெனெக்ரோ, எம்.ஐ.டி. பேராசிரியர் ஒருத்தரோட உதவியோட, சாவோ ஜோசே டோஸ் கம்போஸ்ல ஐ.டி.ஏ.ங்கிற பொறியியல் கல்லூரியைக் கொண்டு வந்தார். தொழிற்சாலை இல்லை, ஆர்டர் இல்லை, முதல்ல வாத்தியாருங்க! கம்பெனி வந்தது அதுக்கு 19 வருஷம் கழிச்சு. இப்படிக் காத்திருக்க எந்த முதலாளி பணம் போடுவார்?

அங்க படிச்ச விமானப்படை பைலட் ஓசிரெஸ் சில்வா. அவரோட குழு செஞ்ச பண்டெய்ரான்டே 1968 அக்டோபர் 22-ல பறந்துச்சு. ஜெட் வந்ததும் ஏர்லைன்காரங்க கைவிட்ட சின்ன ஊர்களுக்கான குட்டி விமானம். எஞ்சினை நாமே செய்வோம்னு வீம்பு பிடிக்காம கனடாவோட பிராட் அண்ட் விட்னிகிட்ட வாங்கினாங்க. பறந்து காட்டின பிறகும் தனியார் யாரும் முன்வரலை. 1969-ல மூடுபனியால ஜனாதிபதியோட விமானம் அந்த ஊர்ல இறங்க, சில்வா அவரைப் பிடிச்சு விளக்கினதா அவரே சொல்லியிருக்கார். ஆகஸ்ட் 19-ல அரசு கம்பெனியா எம்ப்ரேயர் பிறந்துச்சு.

மூலதனம்? மத்த கம்பெனிகள் கட்டவேண்டிய வருமான வரியில 1 சதவீதத்தை எம்ப்ரேயர் பங்கா வாங்கிக்கலாம்னு சட்டம். ஆர்டர்? விமானப்படை 80 பண்டெய்ரான்டே கேட்டுச்சு, இத்தாலி லைசென்ஸ்ல 112 பயிற்சி ஜெட்டும் கேட்டுச்சு. பண்டெய்ரான்டே மட்டும் கடைசியில சுமார் 500 தயாராச்சு, அமெரிக்க ஏர்லைன்கள் வரைக்கும் போச்சு. இதெல்லாம் 'சந்தை' தானா பண்ணுச்சா சார்?

அப்போ நடந்தது ராணுவ ஆட்சி. அதுக்கு நான் கொடி பிடிக்கலை. 80-களோட கடைசியில அர்ஜென்டினாவோட சேர்ந்து செஞ்ச சிபிஏ-123, விலை எகிறி, வாங்க ஆளில்லாம கம்பெனியைக் கடன்ல தள்ளினதும் நிஜம். வித்த பிறகு நிர்வாகம் இறுகுச்சு, அதையும் ஒத்துக்கறேன்.

ஆனா கம்பெனியைக் காப்பாத்தின இஆர்ஜே-145 எப்போ பறந்துச்சு? 1995 ஆகஸ்ட்ல, அதாவது வித்து எட்டே மாசத்துல. எட்டு மாசத்துல ஜெட் டிசைன் பண்ண முடியுமா? நம்ம ப்ராஜெக்ட்ல லாகின் ஸ்க்ரீனுக்கே ஆறு மாசம் ஆகுது! அந்தத் திட்டத்தை 1989-லேயே அறிவிச்சது அரசு எம்ப்ரேயர்.

நேத்து இதையெல்லாம் நண்பர்கிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அந்த மைசூர் சாண்டலும் முன்ன மாதிரி வாசனை இல்லப்பா"ங்கறார்.